கேமராவுக்கும் வேர்க்கும்!

ஐப்பசி பிறந்ததும் உங்கள் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். புரட்டாசி வரை பொலபொலவென்று உதிர்ந்த கல் உப்பு, ஊர்வலத்தில் நனைந்த கட்சித் தொண்டர் மாதிரி சொதசொதவென்று உட்கார்ந்திருக்கும். அப்பளம் நமுத்திருக்கும். மரக்கதவு சாத்த மறுக்கும். தீப்பெட்டியில் எட்டுக் குச்சிக்கு ஒன்று பற்றும். இதெல்லாம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அதே வீட்டில், அதே பீரோவில், தோல் உறைக்குள் சமர்த்தாகத் தூங்கும் கேமராவுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பொங்கலுக்கு வெளியே எடுக்கும்போதுதான் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி ஒன்று தெரியும். சிலந்தி எப்படி உள்ளே போச்சு என்று அப்பா ஆச்சரியப்படுவார். சிலந்தி இல்லை சார், பூசணம்!

சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர் கோத்துக்கொள்ளும். நம் கல் உப்பில் மக்னீசியம் வகையறா கலந்திருப்பதால் அதற்கு முன்னாலேயே கசிய ஆரம்பிக்கும். லென்ஸ் பூசணம் இன்னும் அவசரக்காரன். 60, 65 சதவீதத்துக்கு மேல் ஈரம் நாள்கணக்கில் நின்றாலே அவன் குடித்தனம் வைத்துவிடுவான். அதாவது, சமையலறையில் உப்பு கசிந்திருப்பதைப் பார்த்து, 'அடடா, கேமரா!' என்று ஓடுவது, ரயில் போன பிறகு பிளாட்பாரம் டிக்கெட் வாங்குகிற கதை.

எங்கள் ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஈரப்பதத்தைப் பற்றிப் பாடம் எடுப்பது, திருநெல்வேலியில் போய் அல்வா கிண்டச் சொல்லித் தருவது மாதிரி. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊர் நூலால் பிழைக்கிற ஊர். காற்று காய்ந்தால் நூல் அறும். அதனால் ஒவ்வொரு மில்லிலும் காற்றில் ஈரம் சேர்த்து உள்ளே ஊதுவதற்கென்றே தனியாக ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் இருக்கிறது. ஸ்பின்னிங் பகுதியில் 55 முதல் 60, நூல் சுற்றும் வைண்டிங்கில் 65 என்று அளந்து, குறித்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொள்வார்கள். நூலுக்குச் சொர்க்கம் எங்கே முடிகிறதோ, அங்கே லென்ஸுக்கு நரகம் ஆரம்பம்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பருத்தி தண்ணீர் குடிக்கும் சாதி. நூறு கிலோ காய்ந்த பருத்தி, 65 சதவீத ஈரக்காற்றில் கிடந்தால் எட்டரை கிலோ தண்ணீரைச் சத்தமில்லாமல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம் ஆட்கள் பயணம் போகும்போது என்ன செய்கிறார்கள்? 'பத்திரமா இருக்கட்டும்' என்று கேமராவைப் பழைய வேட்டியில் சுற்றிப் பைக்குள் திணிக்கிறார்கள். அடிபடாது, உண்மை. ஆனால் மழைக்காலத்தில் அது ஈரப் படுக்கை. தோல் உறை அதைவிட மோசம்; தோலே பூசணத்துக்குப் பிடித்த பலகாரம்.

போன வருஷம் கார்த்திகையில் சென்னையிலிருந்து என் மைத்துனன் வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். புதிதாகக் கேமரா, ஒரு முழ நீளத்துக்கு ஒரு லென்ஸ். லென்ஸுக்கு ஈ.எம்.ஐ. இன்னும் பதினாலு பாக்கி என்று அவனே சொன்னான். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணிலைப் படம் எடுக்க வேண்டும், அதுதான் திட்டம்.

இந்த அணிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ராமர் முதுகில் கோடு போட்ட நம் வீட்டு அணில் இல்லை. பூனை அளவு இருக்கும். வால் தனிக் கணக்கு. தென்னிந்தியாவில் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. இதைக் காப்பாற்றத்தான் 1988-ல் இங்கே சரணாலயம் அமைத்தார்கள். 2021-ல் அந்தக் காடு மேகமலையோடு சேர்ந்து இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. புளியமரம், மாமரம் என்று உச்சாணிக் கொம்பில் குடித்தனம். தரைக்கு வருவது அபூர்வம். காலை வெயில் ஏறும்முன் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு ஒரு தாவல் தாவும் பாருங்கள், அதைப் படம் பிடிக்கத்தான் ஆட்கள் கழுத்து சுளுக்கக் காத்துக் கிடப்பது.

மைத்துனன் ராத்திரி தங்கியது ராஜபாளையத்தில் ஒரு லாட்ஜில். வெளியே சோவென்று மழை. போர்வை போர்த்திக்கொள்ள வேண்டிய குளிர். இவன் ஏசியை 18-ல் வைத்துவிட்டுத் தூங்கினான். "காசு குடுத்திருக்கு அத்தான்" என்றான். நியாயந்தானே! காலையில் ஏசி கார். செண்பகத்தோப்பில் இறங்கினோம். மழை விட்டு, மலையிலிருந்து மேகம் புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்திலேயே வழிகாட்டி கையைக் காட்டினார். மாமரத்தின் மேல் கிளையில், வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, சாட்சாத் அணில்!

மைத்துனன் பையைத் திறந்து கேமராவைக் கண்ணில் வைத்தான். எடுத்தான். லென்ஸைப் பார்த்தான். பால்கோவா கிண்டும் சட்டி மாதிரி வெள்ளையாக இருந்தது. கைக்குட்டையால் துடைத்தான். மூன்று எண்ணுவதற்குள் மறுபடி வெள்ளை. சட்டையால் துடைத்தான். மறுபடி வெள்ளை. அணில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனையோ புகைப்படக்காரர்களைப் பார்த்த அணில், இந்த மாதிரி லென்ஸைக் குளிப்பாட்டித் தலை துவட்டுகிறவரை இப்போதுதான் பார்க்கிறது போல. அப்புறம் அலுத்துப்போய் ஒரு தாவு தாவிப் போய்விட்டது. கையில் மிச்சம், பாலில் விழுந்த பூனை மாதிரி ஒரே ஒரு படம்.

'கேமரா போச்சு, ஈ.எம்.ஐ. மட்டும் இருக்கு' என்று வழியெல்லாம் புலம்பியவனை, ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் கூட்டிப் போனேன். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கல்யாணப் படம் எடுக்கிறவர். அவர் கேமராவைத் தொடக்கூட இல்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, ராத்திரி ஏசில படுத்தது நீங்க மட்டுமா, கேமராவுமா?"

அவ்வளவுதான் விஷயம். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வேர்க்கிறதே, அதேதான். அன்றைய காலை மாதிரி 25 டிகிரி, 90 சதவீத ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில், 23 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து கிடக்கும் எதன் மேலும் தண்ணீர் படியும். கேமரா 18 டிகிரியில் விடிய விடிய ஊறியிருக்கிறது. அது வேர்க்காமல் என்ன செய்யும்? துடைக்கத் துடைக்க வரும். கண்ணாடியின் குளிர் போகிற வரைக்கும் வந்துகொண்டுதான் இருக்கும். பெரிய லென்ஸ் என்றால் அரை மணி, ஒரு மணிகூட ஆகலாம்.

ஆண்டாள் கோயிலில் கண்ணாடிக் கிணறு என்று ஒன்று உண்டு. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்த்தாள் என்று ஐதீகம். அண்ணாச்சி அதைச் சொல்லித்தான் சிரித்தார். "ஆண்டாள் தண்ணியக் கண்ணாடியாக்குனா. நம்ம தம்பி கண்ணாடியத் தண்ணியாக்கிட்டாரு." திருப்பாவையில் நான்காவது பாட்டு முழுக்க மழைதான் என்பதையும் சேர்த்துக்கொண்டார். மழை வேண்டும் என்று பாடிய ஊருக்கு வந்து ஈரம் என்று அலுத்துக்கொள்ளலாமா என்பது அவர் கட்சி.

மருந்தும் சொன்னார். ராத்திரி ஏசியை 26-ல் வை. முடியாது என்றால், கேமராப் பையை ஏசி இல்லாத இடத்தில் படுக்கப் போடு. லாட்ஜில் ஏசி இல்லாத ஒரே அறை குளியலறை. அதில் வைக்கலாம், ஆனால் வெந்நீரைத் திறப்பதற்கு முன் ஞாபகமாக வெளியே எடுத்துவிட வேண்டும்! இரண்டும் முடியாது என்றால், ஏசி அறைக்குள்ளேயே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, அப்படியே வெளியே கொண்டு வா. ஏசிக் காற்று காய்ந்த காற்று. அது உள்ளே இருக்கட்டும். வேர்ப்பதெல்லாம் கவருக்கு வெளியே வேர்க்கும். கவர் வேர்ப்பது நின்று காய்ந்ததும் பிரித்துக்கொள். செலவு ஐந்தோ பத்தோ. மைத்துனன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லென்ஸ் விலையில் ஒரு மாருதி கார் பழசாக வாங்கலாம். அதைக் காப்பாற்ற இட்லி மாவுக் கவர்!

"என் கேமரா வாட்டர்ப்ரூஃப் அண்ணாச்சி" என்று இவன் ஆரம்பித்தான். இது பலபேருக்கு இருக்கும் நம்பிக்கை. மழைத்துளிக்குத் தடுப்பு உண்டு, சரி. ஆவி துளி இல்லையே. அதிலும் இழுத்து நீட்டும் ஜூம் லென்ஸ் இருக்கிறது பாருங்கள், அது சைக்கிள் பம்ப். நீட்டும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், சுருக்கும்போது வெளியே தள்ளும். அருவிக்கரையில் நின்று நாற்பது தடவை நீட்டிச் சுருக்கினால், நாற்பது மூச்சு ஈரக்காற்று உள்ளே. அய்யனார் கோயில் ஆற்றுப் பக்கம் தண்ணீர் வரும் நாட்களில் போய்ப் பாருங்கள், செல்போன் உட்பட ஆளாளுக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருப்பார்கள். செல்போனிலும் இதே கதைதான். ஜூம் பம்ப் இல்லையே தவிர, ஏசி காரிலிருந்து இறங்கினால் அதற்கும் கண் மறைக்கும்.

வெளியே வேர்ப்பதாவது காய்ந்துவிடும். உள்ளே போய் உட்கார்ந்த ஈரம்தான் வில்லன். பூசணத்தின் விதை எல்லா இடத்திலும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது; லென்ஸ் செய்யும்போதே ஒன்றிரண்டு உள்ளே போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. அதற்கு வேண்டியது ஈரமும் கொஞ்சம் சாப்பாடும். தூசி, பஞ்சு இழை, விரல் ரேகையில் ஒட்டிய எண்ணெய், இது போதும். இங்கேதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவைக் கையில் எடுத்து, நெய் மினுமினுக்க ஒரு விள்ளல் வாயில் போட்டு, அதே விரலால் லென்ஸ் மூடியைத் திறக்கிறோம். பூசணத்துக்கு இதைவிடப் பெரிய கல்யாண விருந்து உண்டா? பாலிலிருந்து தண்ணீரைச் சுண்டச் சுண்ட விரட்டினால்தான் பால்கோவா. அவ்வளவு பாடுபட்டு ஈரத்தை விரட்டுகிற ஊரில், கண்ணாடியில் ஈரத்தையும் நெய்யையும் சேர்த்துத் தடவுவது அநியாயம்.

பூசணம் வலை பின்னுவதோடு நிற்பதில்லை. அமிலம் கக்கும். அது லென்ஸின் மேல் பூச்சை அரிக்கும், விட்டுவைத்தால் கண்ணாடியையே அரிக்கும். மெக்கானிக் பிரித்துத் துடைத்தால் வலை போகும், வடு போகாது. வெளிச்சத்துக்கு எதிரே படம் எடுத்தால் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வரும். நான் பி.காம். படித்தவன் என்பதால் இதைக் கணக்காகத்தான் பார்க்க முடிகிறது. கேமரா மாதிரிச் சாமானுக்கு வருமானவரிக்காரர்கள் வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பூசணம் அத்தனை பொறுமைசாலி இல்லை. ஒரே மழைக்காலத்தில் பாதியை எழுதிவிடும். வாரண்டி அட்டையைப் பொடி எழுத்து வரை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் பூசணத்துக்கு அதில் இடம் இருக்காது.

சிலிக்கா ஜெல் என்று புது ஷூ டப்பாவில், மாத்திரை டப்பாவில் சின்னப் பொட்டலம் வருமே, தூக்கி எறிகிறோமே, அதுதான் தற்காப்பு. ஆனால் அதை மந்திரத் தாயத்து மாதிரி பைக்குள் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அது பேங்க் லாக்கர் இல்லை, உண்டியல். நிறைந்துவிட்டால் ஒரு சொட்டுகூட வாங்காது. தன் எடையில் நாலில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடவும் தண்ணீரை வாங்கும், அத்தோடு சரி. நீல நிற மணி இளஞ்சிவப்பானால் உண்டியல் நிறைந்தது என்று அர்த்தம். 120 டிகிரி வாக்கில் சூடு காட்டினால் தண்ணீரைக் கக்கிவிட்டு மறுபடி நீலமாகும். வீட்டம்மாவின் தாளிக்கும் சட்டியில் வறுக்காதீர்கள். நீலத்துக்குக் காரணமான கோபால்ட் குளோரைடு நச்சு. தனிச் சட்டி வையுங்கள். ஆரஞ்சு நிறத்தில் கோபால்ட் இல்லாத மணி கிடைக்கிறது, அது தேவலை. முக்கியமாக, காற்றுப் புகாத டப்பா வேண்டும். ஜிப் பிய்ந்த பைக்குள் ஜெல் போடுவது, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு ஏசி போடுவது மாதிரி. ஊர் ஈரத்தையெல்லாம் அது ஒருத்தனாகக் குடிக்க முடியுமா?

அரிசி? நனைந்த செல்போனை அரிசி மூட்டைக்குள் புதைக்கும் வைத்தியம் நாடெங்கும் பரவியிருக்கிறது. கடை அரிசியிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினாலு பங்கு தண்ணீர்தான். தானே ஈரமாக இருப்பவன் அடுத்தவனை எப்படித் துவட்டுவான்? நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசி என்றால் கொஞ்சம் உதவும். ஆனால் மாவுத் தூசி ஓட்டைகளுக்குள் போய் உட்காரும். உண்மையிலேயே கேமரா நனைந்துவிட்டால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. 'வேலை செய்யுதா பார்ப்போம்' என்று சுவிட்சைப் போடுவதுதான் பெரும்பாலான கேமராக்களின் கடைசி மூச்சு.

வீடு திரும்பிய பிறகு பையோடு பரணில் ஏற்றாமல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காயவிட வேண்டும். பையையும்தான். அண்ணாச்சி லென்ஸ்களை இளவெயிலில் கொஞ்ச நேரம் காட்டுவார், ஆள் பக்கத்தில் நின்று. உச்சி வெயிலில் விட்டுவிட்டுப் போனால் லென்ஸ் பூதக்கண்ணாடியாகி ஜமுக்காளத்தைப் பொசுக்கிவிடும். ஈரப்பதம் காட்டும் குட்டி மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டப்பாவுக்குள் முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. ரொம்பக் காயவிட்டால் ரப்பரும் கிரீஸும் வறண்டுபோகும், அதுவும் வம்பு. இதையெல்லாம்விட, அடிக்கடி எடுத்துப் புழங்குகிற லென்ஸில் பூசணம் சுலபத்தில் வருவதில்லை என்பது அவர் அனுபவம்.

மைத்துனன் எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டான். சந்தேகம் தீரவில்லை. "ஒரு அணில் போட்டோதானே அண்ணாச்சி, நாளைக்கு எடுத்துக்கலாம்ல?" என்றான்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

"அணில் நாளைக்கும் வரும் தம்பி. பத்துப் பதினஞ்சு வருஷம் முன்னால, இதே ஐப்பசில ஒரு கல்யாணம். மண்டபம் அப்பத்தான் புதுசா ஏசி போட்ருக்காக. தாலி கட்டுனதுலருந்து மூணு மணி நேரம் உள்ளதான் நான். பொண்ணு மாப்பிள்ளைய வழியனுப்ப எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாக. வெளிய மழை பெஞ்சு விட்ருக்கு. நானும் ஓடியாந்தேன். பொண்ணோட அப்பா காரு கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்காரு. விட மாட்டேங்காரு. அழுகை. நாலு படம் அமுக்குனேன். நாலும் வெள்ளை. அடுத்த வருஷம் அவரு தவறிட்டாரு. அந்தப் புள்ள கடைக்கு வந்து, 'அண்ணாச்சி, வாசல்ல அப்பாவ எடுத்தீகளே, அந்தப் படம் ஆல்பத்துல இல்லையே'ன்னு கேக்கு. நான் என்னத்தச் சொல்ல? இருந்ததக் காட்டுனேன். நாலாவது படத்துல மட்டும், வெள்ளைக்குள்ள, கதவப் புடிச்ச கை லேசாத் தெரிஞ்சிச்சு. மோதிரத்த வச்சு எங்கப்பா கைதான்னு சொல்லி, அதையே பெருசாப் போடச் சொல்லி வாங்கிட்டுப் போச்சு."

மைத்துனன் செல்போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டான்.

அதற்கப்புறம் மழைக்காலக் கல்யாணம் என்றால் அண்ணாச்சி இரண்டு கேமரா எடுத்துப்போகிறார். ஒன்று மண்டபத்துக்கு உள்ளே மட்டும். இன்னொன்று வாசலில், ஏசிக் காற்று படாத இடத்தில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், பக்கத்தில் குடையோடு. "ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்ததே இல்ல தம்பி" என்கிறார். வாசல் கேமராவுக்குக் காவலாக ஒரு பையன் நிற்கிறான். கார் கிளம்பிப் போனபிறகுதான் அவனுக்குச் சாப்பாடு. அநேகமாகக் கடைசிப் பந்தி. பாயசம் மிச்சமிருந்தால் அதிர்ஷ்டம்.